டிலன் எட்வர்ட்ஸ் உண்மையிலேயே அவ்வளவு நல்ல ஆட்டக்காரரா?

தம்பி கேட்டது இது: பென்ரித் பேந்தர்ஸ் அணியின் ஃபுல்பேக் டிலன் எட்வர்ட்ஸை இப்போது எல்லோரும் புகழ்கிறார்கள், சில வருடங்களுக்கு முன்னால் உயரப் பந்து வந்தாலே கைநழுவ விடுகிறார் என்று திட்டியதும் இதே ஆட்கள்தானாமே. அவர் ஆட்டம் நிஜமாகவே மாறிவிட்டதா, இல்லை நேதன் கிளியரி மாதிரி ஒரு ஹாஃப்பேக் (ஆட்டத்தை நடத்தி, பந்தை உதைப்பவர்) இருக்கும் அணியில் ஆடுவதால் அப்படித் தெரிகிறதா? சிட்னிக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, ரக்பி லீக்கை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன், கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நிஜமாகவே மாறியிருக்கிறது தம்பி. நான் பல வருடங்களாக பெண்டில் ஹில்லில் இருக்கிறேன். ரயிலில் கிழக்கே மூன்றாவது ஸ்டேஷன் பரமட்டா. மேற்கே அதே பாதையில் போய்க்கொண்டே இருந்தால் மலையடிவாரத்தில் பென்ரித். தெருவில் பாதி வீடு பரமட்டா அணியான ஈல்ஸ், பாதி வீடு பேந்தர்ஸ். எட்வர்ட்ஸ் முதன்முதலில் களமிறங்கிய 2016லிருந்து அவரைப் பார்த்து வருகிறேன். அவர் பந்தைத் தவறவிட்ட நாட்களில் நானும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் இதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அவருடைய வேலை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாமல் அவரை எடைபோட முடியாது.

ரக்பி லீக்கில் ஒரு பக்கம் 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டாக்கிள்தான் கணக்கு; டாக்கிள் என்றால் பந்தோடு ஓடுபவரை எதிரணி பிடித்து விழுத்துவது. ஆறாவது டாக்கிளில் மாட்டிக்கொண்டால் பந்தை எதிரணியிடம் கொடுத்துவிட வேண்டும். அதனால் ஐந்து டாக்கிள் ஆனதும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். அந்த உதையைப் பின்னால் நின்று வாங்குபவர்தான் ஃபுல்பேக். முதுகில் 1 என்று எழுதியிருக்கும். மற்றவர்கள் ஒரு கோடாக முன்னால் நிற்க, இவர் மட்டும் தனியாகப் பின்னால் நிற்பார். கோட்டை உடைத்துக்கொண்டு யாராவது வந்தால் மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான். உதை தரையோடு வரலாம், வானத்துக்குப் போய் இறங்கலாம், மூலைக்குப் போகலாம். எதுவானாலும் அது இவர் பாடு.

இதில் ஒரு தவறு செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முன்கள ஆட்டக்காரர் நடுமைதானத்தில் பந்தைக் கீழே போட்டால் எதிரணிக்குப் பந்து நடுமைதானத்தில் கிடைக்கும். ஃபுல்பேக் கீழே போட்டால் பந்து சொந்த ட்ரை கோட்டிலிருந்து (அதைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, அதாவது புள்ளிகள்) பத்து, பதினைந்து மீட்டரில் கிடைக்கும். அதோடு ஆறு புதிய டாக்கிளும். அது ஏறக்குறைய தட்டில் வைத்துக் கொடுக்கும் ட்ரை. அதனால்தான் மற்றவர்களின் தவறு மறந்துபோகும், ஃபுல்பேக்கின் தவறு மட்டும் நினைவில் நிற்கும்.

எட்வர்ட்ஸ் 1996 ஜனவரியில் ஆல்பரியில் பிறந்தவர். நியூ சவுத் வேல்ஸின் வட கரையோரத்தில் டொரிகோ என்ற மலையூர்ப் பக்கம் ஆடிப் பழகி, அங்கிருந்து பென்ரித்துக்கு வந்தவர். 2017இல் மேட் மொய்லன் ஃபுல்பேக் இடத்திலிருந்து நகர, அந்த இடம் இவருக்கு வந்தது. 21 வயது. துடிப்பான பையன், ஓய்வே எடுக்காமல் ஓடுகிறான் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அடுத்த இரண்டு வருடம் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. காயங்கள் ஒரு பக்கம். திரும்பி வந்து ஆடும்போது கையில் விழும் பந்து நழுவுவது இன்னொரு பக்கம். எதிரணிகள் இதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே அவர் தலைக்கு மேலேயே உதைத்தார்கள். ஒன்றை விட்டால் அடுத்ததும் அங்கேயே வரும். கூட்டம் முனகும். பென்ரித் ரசிகர்கள் பலர் வேறு ஃபுல்பேக் வாங்கச் சொன்ன காலம் அது.

அந்த நாட்களிலும் ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். பந்தைத் தவறவிட்ட பிறகும் அவர் ஒளிந்துகொள்ள மாட்டார். அடுத்த செட்டில், அதாவது தன் அணியின் அடுத்த ஆறு டாக்கிளில், முதல் ஓட்டத்தை அவரே எடுப்பார். மனம் உடைந்த ஃபுல்பேக் என்ன செய்வார் தெரியுமா? உதை வரும்போது ஓர் அடி தாமதமாக நகர்வார், ஓரத்தில் ஆடும் விங்கர் எடுத்துக்கொள்ளட்டும் என்று. வீட்டில் டிவியில் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. எட்வர்ட்ஸ் அதைச் செய்யவில்லை. தவறுகள் கூடிக்கொண்டே போனதற்கு ஒரு காரணம், அவர் ஒவ்வொரு பந்துக்கும் போனதுதான்.

இப்போது அந்த உயரப் பந்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். உங்கள் கேள்வியின் மையமே அதுதான்.

இங்கே அதை பாம் என்பார்கள். நல்ல ஹாஃப்பேக் உதைத்தால் பந்து மைதான விளக்குகளின் உயரத்துக்குப் போய், கீழே வரும்போது ஒரே பாதையில் வராது. சுழற்றி உதைத்தால் கடைசி நேரத்தில் ஒரு பக்கமாக வளையும். சுழலே இல்லாமல் உதைத்தால் காற்றில் தள்ளாடும், பட்டம் அறுந்து விழுகிற மாதிரி. கீழே நிற்பவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கால்களைச் சரிசெய்ய வேண்டும். அதே நேரத்தில் நூறு கிலோ எடையுள்ள இரண்டு பேர் அவரை நோக்கி முழு வேகத்தில் ஓடி வருகிறார்கள். அவர் காற்றில் இருக்கும்போது டாக்கிள் செய்யக்கூடாது என்பது விதி. கால் தரையைத் தொட்ட அடுத்த நொடி அடிக்கலாம், அடிப்பார்கள். அந்த அடியை எதிர்பார்த்துக் கண் ஒரு கணம் பந்தை விட்டு விலகினால் முடிந்தது.

2018, 2019இல் எட்வர்ட்ஸ் பந்துக்கு அடியில் சீக்கிரமே போய் நின்றுவிடுவார். நின்ற இடத்தில் காத்திருக்கும்போது பந்து தள்ளாடினால் கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். நெஞ்சோடு அணைக்க முடியாது. இப்போது பாருங்கள். பந்து இறங்கும் இடத்துக்கு இரண்டு எட்டு பின்னால் நிற்பார். கடைசி நொடியில் முன்னால் வந்து, ஒரு முழங்காலைத் தூக்கிக்கொண்டு எம்புவார். முழங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பந்து நேராக நெஞ்சுக்கும் முன்கைக்கும் நடுவில் போய் விழும். உடம்பு சற்றுப் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், அதனால் ஒருவேளை தவறினாலும் பந்து முன்னால் விழாமல் பின்னால் விழ வாய்ப்பு அதிகம். முன்னால் விழுந்தால்தான் தவறு, பின்னால் விழுந்தால் ஆட்டம் தொடரும். இது என் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். அவருடைய பயிற்சியாளர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும். ஆனால் அந்த இரண்டு எட்டை மட்டும் நீங்களே பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டத்தில் மிக மோசமாகத் தள்ளாடும் பாம்களை உதைப்பவர்களில் ஒருவர் நேதன் கிளியரி. எதிரணி ஃபுல்பேக்குகளுக்கு வருடத்துக்கு ஓரிரு முறை வரும் அந்தத் தலைவலி, சொந்த அணியில் இருக்கும் எட்வர்ட்ஸுக்கு வாரம் முழுவதும் பாடமாகக் கிடைத்தது.

அடுத்தது மீட்டர், அதாவது பந்தோடு ஓடிச் சேர்க்கும் தூரம். இதைத்தான் பார்ப்பவர்கள் அதிகம் கவனிப்பதில்லை, எனக்கோ இதுதான் அவருடைய பெரிய சொத்து.

ஒரு கணக்கு போடுவோம். எதிரணி உதைத்த பந்தை ஃபுல்பேக் தன் கோட்டிலிருந்து 10 மீட்டரில் பிடிக்கிறார். அங்கேயே விழுந்துவிட்டால் அது முதல் டாக்கிள். அதற்குப் பிறகு நான்கு ஓட்டம், ஒவ்வொன்றும் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உதைக்கும்போது அணி 46 மீட்டரில், சொந்தப் பாதியிலேயே நிற்கிறது. அதே பந்தைப் பிடித்த ஃபுல்பேக் மூன்று பேருக்கு நடுவில் முட்டிமோதி 18 மீட்டர் கொண்டுவந்தால்? முதல் டாக்கிள் 28இல். அதே நான்கு ஓட்டத்தில் 64 மீட்டருக்கு வந்துவிடலாம். நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பாதிக்குள். அங்கிருந்து கிளியரி உதைத்தால் பந்து எதிரணியின் மூலையில் போய் விழும், அவர்கள் அங்கிருந்து மூச்சு வாங்க வெளியே வர வேண்டும். மறுபடி உதைப்பார்கள், மறுபடி எட்வர்ட்ஸ். ஒரு மணி நேரம் இப்படிப் போனால் எதிரணியின் முன்கள ஆட்கள் கால் வலுவிழந்து போவார்கள். அப்போது இடைவெளி திறக்கும், அதில் யாரோ ஒருவர் ட்ரை போடுவார். மறுநாள் எல்லா இடத்திலும் காட்டுவது அந்த ட்ரையை மட்டும்தான்.

எட்வர்ட்ஸ் ஒரு ஆட்டத்தில் 200 மீட்டர் ஓடுவது இப்போது செய்தியே இல்லை. அவருக்கு அது சாதாரண நாள். அவரும் விங்கர் பிரையன் டோஓவும் சேர்ந்து பின்னாலிருந்து பந்தை வெளியே கொண்டுவருவதுதான் பேந்தர்ஸின் அஸ்திவாரம். டோஓ குட்டையான, கட்டையான உடம்பு, மோதித் தள்ளுவார். அவரைக் கூட்டத்துக்கு ரொம்பப் பிடிக்கும். எட்வர்ட்ஸ் மோதித் தள்ளும் ஆள் இல்லை. டாக்கிள் விழும்போது காலை உதறிக்கொண்டே இன்னும் ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் பிடுங்குவார், உடனே எழுந்து பந்தை வைத்துவிட்டுப் பின்னால் ஓடுவார். ஒன்றரை மீட்டர் என்றால் என்ன பெரிது என்று தோன்றும். ஒரு ஆட்டத்தில் இருபது முறைக்கு மேல் ஓடுகிறவருக்கு அது முப்பது மீட்டர்.

2020இல் இன்னொன்று சேர்ந்துகொண்டது. கோவிட் நிறுத்தத்துக்குப் பிறகு மே 28ஆம் தேதி போட்டிகள் மறுபடி தொடங்கியபோது ஒரு விதி மாறியிருந்தது. டாக்கிள் செய்தவர் படுத்துக்கொண்டு நேரம் கடத்தினால் பெனால்டிக்குப் பதிலாக ஆறு டாக்கிள் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பெனால்டி கொடுத்தபோது எல்லோருக்கும் மூச்சு வாங்க ஒரு நிமிடம் கிடைத்தது. இப்போது அதுவும் போய்விட்டது. ஆட்டம் வேகமானது. திறமை மட்டும் இருந்து மூச்சு இல்லாதவர்கள் திணறினார்கள். மூச்சு மட்டுமே தன் முதல் சொத்தாக வைத்திருந்த எட்வர்ட்ஸுக்கு ஆட்டமே அவர் பக்கம் நகர்ந்து வந்த மாதிரி ஆயிற்று. அந்த வருடம் பேந்தர்ஸ் சாதாரணச் சுற்றில் ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றது. இறுதி ஆட்டத்தில் மெல்போர்ன் ஸ்டார்மிடம் 26-20 என்று தோற்றது. அன்று எதிரணி ஃபுல்பேக் ரயன் பாப்பன்ஹைசன், இடைவேளை முடிந்ததும் மைதானத்தின் பெரும்பகுதியை ஓடிக் கடந்து ட்ரை போட்டார், சிறந்த ஆட்டக்காரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கமும் அவருக்கே போயிற்று. அடுத்த நாள் ரயிலில் எல்லோரும் சொன்னது: அவர்களிடம் ஒரு ஃபுல்பேக் இருக்கிறார், நம்மிடம் இல்லை. எட்வர்ட்ஸ் அன்று மோசமாக ஆடவில்லை. ஆனால் மின்னலைப் பார்த்த கண்ணுக்கு விளக்கு தெரியாது அல்லவா.

2021 பற்றி ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்த வருட இறுதிச் சுற்றுகளை அவர் காலில் எலும்பு முறிவோடு ஆடினார். வாரம் முழுவதும் காலில் பெரிய பிளாஸ்டிக் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பயிற்சிக்கே போகாமல் இருந்து, ஆட்ட நாளில் மட்டும் இறங்கினார். கோவிட் காரணமாக இறுதி ஆட்டம் பிரிஸ்பேனில் நடந்தது, சவுத் சிட்னியை 14-12 என்று வென்றார்கள். பதக்கம் கிளியரிக்கு. எட்வர்ட்ஸின் கால் பற்றிப் பலருக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிறகு 2022 அக்டோபர் 2. எனக்கு மறக்க முடியாத நாள். பென்ரித்துக்கும் பரமட்டாவுக்கும் இறுதி ஆட்டம். இந்த ரயில் பாதையின் இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. வெஸ்ட்மீடிலும் வென்ட்வொர்த்வில்லிலும் கடை வாசல்களில் நீலமும் மஞ்சளும் ஒரு பக்கம், கறுப்பும் இளஞ்சிவப்பும் ஒரு பக்கம். எங்கள் தெருவில் யாரும் அன்று கூடிப் பார்க்கவில்லை; அவரவர் வீட்டில் பார்த்தோம், சண்டை வரக்கூடாது என்று. ஆட்டம் 28-12, பென்ரித் வென்றது. பதக்கம் டிலன் எட்வர்ட்ஸுக்கு.

அன்று அவர் செய்த ஒன்றைப் பற்றி இன்றுவரை பேசுகிறார்கள். பரமட்டாவின் பெய்லி சிமன்சன் ஓரக்கோட்டுப் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடினார். முன்னால் யாரும் இல்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன், ட்ரை என்றே நினைத்தேன். எட்வர்ட்ஸ் திரையிலேயே இல்லை. பிறகு திரையின் ஓரத்திலிருந்து ஒரு கறுப்பு உருவம் குறுக்காக வந்தது. நேராகச் சிமன்சனை நோக்கி ஓடவில்லை, அவர் போய்ச் சேரப்போகும் இடத்தை நோக்கி ஓடினார். அடிக்கடி பிசகுவது இந்தக் கோணம்தான். ஓடுகிற ஆளை நோக்கி ஓடினால் எப்போதும் பின்னால்தான் இருப்போம். சிமன்சனைப் பிடித்து விழுத்தினார், ட்ரை இல்லை. உடனே இங்கே வயதானவர்கள் எல்லோருக்கும் 2003 நினைவுக்கு வந்தது. அந்த வருட இறுதி ஆட்டத்தில் பென்ரித்தின் ஸ்காட் சாட்லர், ரூஸ்டர்ஸின் விங்கர் டாட் பர்னை மைதானத்தின் குறுக்கே ஓடி வந்து வெளியே தள்ளினாரே, அது. மழையில் நடந்த அந்த ஆட்டத்தை பென்ரித் 18-6 என்று வென்றது. பென்ரித்காரர்களிடம் சாட்லர் டாக்கிள் என்று சொன்னாலே போதும், முகம் மலரும். எட்வர்ட்ஸின் டாக்கிளை அதோடு சேர்த்துப் பேசுகிறார்கள் என்றால் அந்த ஊர் அவரை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

பதக்கத்தின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளைவ் சர்ச்சில் 1940கள், 50களில் சவுத் சிட்னிக்கு ஆடிய சின்ன உருவம், ஃபுல்பேக்தான். அவருக்கு முன்னால் ஃபுல்பேக் என்றால் பின்னால் நின்று பிடிப்பவர், உதைப்பவர். அவர்தான் பந்தோடு முன்னால் ஓடி வந்து தாக்கலாம் என்று காட்டினார். பதக்கம் 1986லிருந்து கொடுக்கப்படுகிறது. டேரன் லாக்கியர், பில்லி ஸ்லேட்டர், பாப்பன்ஹைசன் என்று ஃபுல்பேக்காக ஆடி அதை வாங்கியவர்கள் கண்ணைப் பறிக்கும் ஆட்டக்காரர்கள். அந்த வரிசையில் எட்வர்ட்ஸ் பெயரைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு சொல்லி முடியாது. ஃபுல்பேக் வேலையில் உழைப்பை மட்டுமே கேட்கும் பாதியைச் செய்து அந்தப் பதக்கத்தை வாங்கியிருக்கிறார்.

அதற்குப் பிறகாவது எல்லாக் கதவும் திறந்ததா? இல்லை. அந்த வருடக் கடைசியில் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைக்கு ஆஸ்திரேலிய அணியில் அவருக்கு இடம் இல்லை. 2023 ஆரிஜின் தொடருக்கும் (நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் வருடந்தோறும் மோதும் மூன்று ஆட்டத் தொடர்) நியூ சவுத் வேல்ஸ் அவரை எடுக்கவில்லை. ஜேம்ஸ் டெடெஸ்கோ அங்கே ஃபுல்பேக், கேப்டனும் அவரே, மகத்தான ஆட்டக்காரர். அவரை எடுத்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எட்வர்ட்ஸைப் பற்றி அன்று சொல்லப்பட்ட காரணம் எனக்கு உறுத்தியது. அவர் கிளப் ஆட்டக்காரர், பேந்தர்ஸின் அமைப்புக்குள் மட்டும்தான் சரிப்படுவார் என்றார்கள். ஒருவர் தன் வேலையைப் பிசகில்லாமல் செய்தால் அந்தப் புகழை இயந்திரத்துக்குக் கொடுப்பது எளிது.

2024இல் புதிய பயிற்சியாளர் மைக்கேல் மக்வயர் அவரைத் தேர்ந்தெடுத்தார். முதல் ஆட்டத்துக்கு முன்னால் தொடையில் காயம், விலக வேண்டியதாயிற்று. டெடெஸ்கோவையே மறுபடி அழைத்தார்கள், நியூ சவுத் வேல்ஸ் தோற்றது. இரண்டாவது ஆட்டம் மெல்போர்னில். எட்வர்ட்ஸ் 28 வயதில் முதன்முறையாக நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டையைப் போட்டார். 38-18 வெற்றி. மூன்றாவது பிரிஸ்பேனில், குயின்ஸ்லாந்தின் சொந்த மண்ணில், 14-4 வெற்றி, தொடரும் கையில் வந்தது. அந்த வருடமே ஆஸ்திரேலியாவுக்கும் ஆடினார். கிளியரி காயத்தால் அந்த ஆரிஜின் தொடரில் ஆடவே இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், உங்கள் கேள்விக்கு அது பதில்.

கிளியரி விஷயத்துக்கு இன்னும் கொஞ்சம். நீங்கள் கேட்டது நியாயமான சந்தேகம்தான். நல்ல ஹாஃப்பேக் இருக்கும் அணியில் எல்லோரும் கொஞ்சம் கூடுதல் அழகாகத் தெரிவார்கள். ஆனால் 2022இல் கிளியரி ஐந்து ஆட்டத் தடையில் வெளியே இருந்தார், 2024இல் காயங்களால் பல ஆட்டங்கள் இல்லை. இரண்டு வருடமும் பேந்தர்ஸ் கோப்பையை வென்றது. 2021 முதல் 2024 வரை தொடர்ச்சியாக நான்கு கோப்பைகள். அந்த நாலு வருடத்தில் கோரொய்சாவ் போனார், கிக்காவ் போனார், கிரைட்டன் போனார், லெனியு போனார். ஒவ்வொரு வருடமும் யாராவது பெரிய ஆட்டக்காரர் வேறு கிளப்புக்குப் போய்க்கொண்டே இருந்தார். முதுகில் 1 என்று எழுதியிருந்த சட்டை மட்டும் ஒரே ஆளிடம் இருந்தது. அடுத்தவர் புதிதாக வரும்போது கோட்டில் அவர் எங்கே நிற்க வேண்டும் என்று பின்னாலிருந்து கத்திச் சொல்வதும் ஃபுல்பேக்கின் வேலை. இடப்பக்கம் எத்தனை பேர், வலப்பக்கம் எத்தனை பேர் என்று ஒவ்வொரு டாக்கிளுக்கும் எண்ணிக்கொண்டே இருப்பார். டிவியில் அந்தக் குரல் கேட்காது.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. 2023 இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற பிரிஸ்பேனின் ரீஸ் வால்ஷ் மாதிரி ஒற்றை ஆளாய் ஆட்டத்தைப் புரட்டும் வேகம் எட்வர்ட்ஸுக்குக் கிடையாது. ஓரத்துக்குப் பந்தைக் கடத்தும்போது நீளமாக எறிவதில் டெடெஸ்கோவோ வால்ஷோ அவரைவிட மேல். ஆனால் இந்தப் பக்கத்திலும் அவர் நின்றுவிடவில்லை. ஆரம்ப காலத்தில் தாக்குதலில் வந்தால் பந்தை வாங்கி முட்டுவார், அவ்வளவுதான். இப்போது ஓட்டக்காரருக்குப் பின்னால் சுற்றி வந்து, பந்தை வாங்கி, பாதுகாப்பாளர் தன்னைப் பார்க்கும்வரை காத்திருந்து, குட்டையான பாஸ் ஒன்றை, விங்கருக்கு உள்பக்கம் ஆடும் சென்டருக்குக் கொடுக்கிறார். அந்தக் காத்திருப்பு அரை நொடிகூட இருக்காது. 2018இல் அந்த அரை நொடி அவரிடம் இல்லை.

2025 பேந்தர்ஸுக்குச் சறுக்கலோடு தொடங்கிய வருடம். சீசனின் முதல் பாதியில் பட்டியலின் அடியில் கிடந்தார்கள், பிறகு தொடர்ச்சியாக ஒன்பது ஆட்டம் வென்று மேலே வந்து, இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் பிரிஸ்பேனிடம் 16-14 என்று தோற்றார்கள். ஆரிஜினில் நியூ சவுத் வேல்ஸ் அந்த வருடமும் அவரையே ஃபுல்பேக்காக நிறுத்தியது, தொடர் 2-1 என்று குயின்ஸ்லாந்திடம் போயிற்று. தோற்ற தொடரில் விமர்சனம் அவர் மேலும் விழுந்தது. சிலது சரியானது. ஆனால் அணி கீழே கிடந்தபோதும் பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுவதில் அவர் குறை வைக்கவில்லை. ஃபார்ம் என்பதை நான் அப்படித்தான் பார்க்கிறேன்: வென்ற நாளில் எவ்வளவு உயரம் போனார் என்பதைவிட, தோற்ற நாளில் எவ்வளவு கீழே இறங்காமல் இருந்தார் என்று பார்ப்பேன்.

ஒரு முறை பென்ரித் மைதானத்தின் புல்மேட்டில் உட்கார்ந்து, இருபது நிமிடம் பந்தையே பார்க்காமல் எட்வர்ட்ஸை மட்டும் பார்த்தேன். குளிர்காலச் சாயங்காலம், மலைப்பக்கமிருந்து காற்று. அவர் நிற்கவே இல்லை. பந்து இடப்பக்கம் போனால் பத்து எட்டு இடப்பக்கம், வலப்பக்கம் போனால் வலப்பக்கம், எதிரணி உதைக்கப்போகிறது என்று தெரிந்ததும் இருபது மீட்டர் பின்னால், உதைக்கவில்லை என்றால் மறுபடி முன்னால். அவர் கைக்குப் பந்து வந்தது அந்த இருபது நிமிடத்தில் ஆறோ ஏழோ தடவைதான். மிச்ச நேரம் முழுவதும் வராமல் போன பந்துக்காக ஓடினார். பக்கத்தில் இருந்த என் மகன், "அப்பா, அவருக்குக் களைக்காதா?" என்று கேட்டான். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நீங்களும் அப்படிப் பார்க்க ஆசைப்பட்டால் முதலில் 2022 இறுதி ஆட்டத்தை எங்காவது முழுதாகப் பாருங்கள், சுருக்கம் வேண்டாம். பிறகு நேரில் வாருங்கள். பென்ரித் மைதானத்தைப் புதுப்பிக்கத் தொடங்கியதால் 2025இல் பேந்தர்ஸின் சொந்த ஆட்டங்கள் பரமட்டாவுக்கு வந்தன. டிக்கெட் எடுக்கும்போது ஆட்டம் எங்கே என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டுப் பக்கம் விலை அதிகம், இதற்கு அது தேவையும் இல்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் எடுங்கள். எதிரணி ஐந்தாவது டாக்கிளுக்கு வந்ததும் பந்தை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள். அந்த இரண்டு எட்டு தெரியும்.